மூடியில் ஒட்டாத கப்கேக்: டர்பனிலிருந்து லெனேசியாவுக்குக் கூரியரில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு அடுப்பில் சுட்ட ஒரு டஜன் கப்கேக், ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கத்தில் லெனேசியாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கூரியரில் போய், ஒன்றுகூடச் சாயாமல், மேலே வைத்த பாதாம் சீவல்கூட இடம் மாறாமல் சேர்ந்துவிட்டது. அக்கா பெட்டியைத் திறந்தபடியே வைத்து எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் போன பெட்டிகளின் போட்டோக்களும் போனில்தான் இருக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எதை மாற்றினேன், அதனால் என்ன ஆனது என்று வரிசையாகத் தெரிகிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இங்கே வீட்டிலிருந்து பேக்கிங் செய்து விற்கிற பெண்கள் நிறைய. தீபாவளிக்குத் தட்டு நிறைய பலகாரம் அடுக்கி, மேலே துணி போட்டு, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பாதிப் பேர் வேலைக்காக ஜோபர்க்கிலும் கேப் டவுனிலும் இருக்கிறார்கள். அந்தத் தட்டு அவர்களுக்கும் போக வேண்டும் என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். முறுக்கும் நான்கட்டாய் பிஸ்கட்டும் அனுப்புவதில் பெரிய சிரமமில்லை. கப்கேக்தான் பாடாய்ப் படுத்தியது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். டர்பனிலிருந்து ஜோபர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் ஆரம்பித்து, வான் ரீனன் கணவாய் ஏறி, 1,750 மீட்டர் உயரத்தில் போய் முடிகிற ரோடு. கூரியரில் இரண்டு வகை உண்டு. மறுநாளே சேர்க்கிற ஓவர்நைட், இரண்டு மூன்று நாள் எடுக்கிற எக்கானமி. மதியம் வீட்டில் வந்து பெட்டியை எடுக்கிறார்கள், அது டர்பன் டிப்போவுக்குப் போகிறது, ராத்திரி லாரியில் மலை ஏறுகிறது, காலையில் அங்கே டிப்போவில் பிரித்து, சின்ன வேனில் ஏற்றி வீட்டு வாசலுக்கு. இதில் ராத்திரி லாரியைப் பற்றிக் கவலையே வேண்டாம், குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இரண்டு முனையிலும் உள்ள பகல் நேர வேன்தான் அடுப்பு மாதிரி. டிப்போவில் பெட்டியைப் பெல்ட்டில் போடும்போதுதான் அது புரள்கிறது. பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டு, "இந்தப் பக்கம் மேலே" என்று கொட்டை எழுத்தில் எழுதி, சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிப் பார்த்தாயிற்று. பெட்டி தலைகீழாகப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் வழிக்கு வந்தது.

பெட்ரோல் கராஜ்களில் இரும்பு லாக்கர் வைத்து, அதில் பார்சலைப் போட்டால் அந்த ஊர் லாக்கரில் எடுத்துக்கொள்ளலாம் என்கிற முறையும் இப்போது இங்கே உண்டு, விலை குறைவு. பிஸ்கட்டுக்கு நல்லது. கப்கேக்குக்கு வேண்டாம். லாக்கர் வெயிலில் நிற்கும், வாங்குகிறவர் வேலை முடிந்து சாயங்காலம்தான் போய் எடுப்பார்.

ஆரம்பத்தில் அனுப்பியது சாதாரண பட்டர் ஐசிங். 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சுகர், நட்சத்திர நாசிலில் 4 செ.மீ. உயரத்துக்குச் சுருள். கடையில் பார்க்கிற மாதிரி அழகாகத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் பண்ணி, "பிள்ள, ருசி நல்லா இருக்கு, ஆனா பூவெல்லாம் மூடிலதான் இருக்கு, கேக்கு மொட்டையா நிக்குது" என்றாள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே, 25ஐத் தாண்டினாலே, நிற்கிற பலம் போய்விடும். டர்பன் கோடையில் வீட்டுக்குள்ளேயே 28, 29 டிகிரி. வெயிலில் நிற்கிற வேனுக்குள் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு பெட்டிக்குள் மினிமம் மேக்ஸிமம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து அனுப்பினேன். 120 ராண்டுக்கு வாங்கினது, இந்த வேலையில் செலவு செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். பிப்ரவரியில் சாதாரண அட்டைப்பெட்டிக்குள் அது காட்டிய உச்சம் 33. அந்தச் சூட்டில் வெறும் வெண்ணெய்ச் சுருள் நிற்கவே நிற்காது.

அப்புறம் ஐசிங்கை மாற்றிக்கொண்டே போனேன். பாதி வெண்ணெய், பாதி ஹோல்சம். ஹோல்சம் வெள்ளைக் காய்கறிக் கொழுப்பு, வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். 125 கிராம் வெண்ணெய், 125 கிராம் ஹோல்சம், 500 கிராம் ஐசிங் சுகர், ஒரு மேசைக்கரண்டி பால், அதற்கு மேல் ஒரு சொட்டுப் பால்கூடச் சேர்க்கக் கூடாது. இப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் மேலே மெல்லிய ஓடு மாதிரி காய்ந்துவிடுகிறது, விரல் வைத்தால் ஒட்டாது. வடிவம் நன்றாகவே நின்றது. வாயில்தான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற மெழுகுத்தன்மை வருகிறது. சின்னக் குழந்தைகளின் பிறந்தநாள் என்றால் பரவாயில்லை. எனக்கு மனசு வரவில்லை.

முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு சுடவைத்து அடிக்கிற சுவிஸ் வகை பட்டர்கிரீம் ருசியில் ராஜா, ஆனால் அதுவும் வெண்ணெய்தான், இந்தச் சூட்டைத் தாங்காது. அது வீட்டு விருந்துக்கு மட்டும். கிரீம் சீஸ் ஐசிங்கைக் கூரியருக்கு யோசிக்கவே கூடாது. உருகுவதைவிடப் பெரிய பிரச்சினை, அது குளிரில் இருக்க வேண்டிய பொருள், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதுதான் பொதுவான பாதுகாப்பு விதி. கிரீம் சீஸ் ஐசிங் போட்ட ரெட் வெல்வெட் கேட்கிறவர்களிடம் நான் இதைச் சொல்லி மறுத்துவிடுகிறேன். ஃப்ரெஷ் கிரீமும் அப்படியே.

சாக்லேட் கனாஷ் நன்றாக வந்தது. கறுப்பு சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு, எடை போட்டு. வழக்கமாகச் செய்கிற சமபங்கு கனாஷ் கோடைக்கு ஆகாது, ஒழுகும். இரண்டுக்கு ஒன்று என்றால் கெட்டியாக நிற்கும். அதைச் சுருளாக விடாமல் கேக்கின் தலையை அதில் முக்கி எடுத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டால், மேல் பக்கம் தட்டையாக, பளபளப்பாக இருக்கும். குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், இதை எந்தப் பயமும் இல்லாமல் அனுப்புகிறேன்.

கோடைக்கு வழி காட்டியது பர்பி. நம்ம ஊர் பர்பி, அதாவது க்ளிம் பால்பவுடரில் செய்கிறது. தீபாவளிக்கு எல்லோர் வீட்டிலும் செய்து, தட்டில் அடுக்கி, கார் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று வெயிலில் சுற்றுகிறோம், பர்பி உருகியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியிருக்க, கேக் தலையில் ஏன் வெண்ணெயைச் சுருட்டி வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும்? பர்பியை 1 செ.மீ. கனத்துக்குத் தட்டில் ஊற்றி, 5 செ.மீ. வட்ட அச்சால் வெட்டி, கேக் மேலே மூடி மாதிரி ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதுதான் சரியாக அமைந்தது.

அளவு இது. 500 கிராம் க்ளிம், 290 கிராம் டின் டெசர்ட் கிரீம் ஒன்று. இரண்டையும் கையால் பிசறி, ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்ததும் ஒரு மணி நேரம் காயவிட்டு, மிக்ஸியில் ஒரு சுற்று. கட்டி இருந்தால் வட்டம் வெட்டும்போது ஓரம் பிய்யும், அதனால் சலித்துவிடுவது நல்லது. இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், ஒரு கம்பிப் பதம் வரும்வரை. தட்டுக்குச் செய்யும்போது 125 கிராம் வெண்ணெய் போடுவேன், கூரியருக்குப் போகிறதற்கு 90 கிராம்தான், ஏனென்றால் சூட்டில் பர்பி உருகாவிட்டாலும் நெய் கசிந்து ஓரத்தில் மஞ்சளாகத் தெரியும். வெண்ணெயைக் குறைத்த பிறகு கசிவு நின்றது. ஏலக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி. பதம் ஒரு கம்பியைத் தாண்டிவிட்டால் பர்பி மொறுமொறுவென்று உடையும், வட்டமே வெட்ட முடியாது. பதத்துக்கு முன்னாலேயே இறக்கினால் பிசுபிசுப்பாக, கூரியருக்கு உதவாததாக ஆகும். தட்டில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பாதாம் சீவலைத் தூவி லேசாக அமுக்கிவிட வேண்டும், ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது. முழுக்க ஆறுவதற்குச் சற்று முன்னால் அச்சைப் போட்டால் ஓரம் கத்தி வைத்த மாதிரி வரும். பன்னிரண்டு வட்டம் போக மிச்சம் நிறைய ஓரத்துண்டுகள் விழும், அது வீட்டுக்கு.

ஒட்டுவதற்கு ஏப்ரிகாட் ஜாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுடவைத்து, வடிகட்டி, கேக் தலையில் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, வட்டத்தை வைத்து ஒரு அமுக்கு. ஜாம் அதிகமானால் வட்டம் வழுக்கும். கேக்கின் தலை சமமாக இருக்க வேண்டும், கூம்பாக எழுந்திருந்தால் ரம்பக் கத்தியால் சீவிவிடுகிறேன்.

இனி கேக். புரட்டாசி விரதம், காவடி விரதம் என்று எனக்கு வருகிற ஆர்டரில் பெரும்பாலானவை முட்டை இல்லாதவை. முட்டை இல்லாத கேக் ருசியில் எந்தக் குறையும் இல்லை, பயணத்தில்தான் உதிரும். 385 கிராம் டின் கண்டென்ஸ்டு மில்க், 115 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு கப் மாஸ், அதாவது கடையில் விற்கிற கெட்டியான புளித்த பால், 280 கிராம் கேக் மாவு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி பைகார்ப் (சமையல் சோடா). 170 டிகிரியில் 20 நிமிடம். முன்பு மாஸுக்குப் பதில் பாலும் வினிகரும் சேர்த்துச் செய்வேன், அது இதைவிட அதிகம் உதிர்ந்தது. மாஸ் சேர்த்தால் கேக் கொஞ்சம் கனமாக, ஈரமாக வருகிறது, கூரியருக்கு அந்தக் கனம்தான் வேண்டும்.

காகிதக் கப்பை விட்டுவிட்டு அலுமினிய ஃபாயில் கப்புக்கு மாறினேன். காகிதம், மூடிய பெட்டிக்குள் ஈரத்தில் நெகிழ்ந்து கேக்கைவிட்டுக் கழன்று வந்துவிடுகிறது, அதுவும் கேக் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போது பெட்டி மூடினால் நிச்சயம். ஃபாயில் கழலாது, வடிவத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கப்புக்கு ஒரு ராண்டு கூடுதல்.

அனுப்புவதற்கு முதல் நாளே சுட்டு, முழுக்க ஆறியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கிளிங் ராப்பில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன். உறைந்த கேக்கைச் சீவும்போது துகள் கொட்டாது, ஜாம் தடவும்போது பிய்யாது. மறுநாள் எடுத்து, சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே மூன்று மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். டர்பன் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும். பிளாஸ்டிக் மேலே இருந்தால் அந்த வியர்வை பிளாஸ்டிக்குக்கு வெளியே நிற்கும், பிரித்துவிட்டால் கேக் மேலேயே நிற்கும். பர்பி ஒட்டிய பிறகு உறையவைத்தும் பார்த்தேன், வெளியே எடுத்ததும் பர்பி மேலே பிசுபிசுவென்று ஈரம் பூத்து, பாதாம் பொலிவிழந்தது. எனவே உறைய வேண்டியது கேக் மட்டும். லோட்ஷெட்டிங் இருக்கிற நாட்களில் இரண்டு இரண்டரை மணி நேரம் கரண்ட் போனாலும், நிறைந்திருக்கிற ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி நிரப்பிவிடுகிறேன்.

பெட்டிக்கு உள்ளே நடப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஆறு குழி உள்ள, மூடியோடு சேர்ந்த பிளாஸ்டிக் டப்பா, நீளம் 24, அகலம் 16 செ.மீ. குழியின் வாய் 5.5, என் கப்பின் அடி 5. அந்த அரை செ.மீ. இடைவெளி போதும், 570 கிலோமீட்டரும் கேக் ஆடிக்கொண்டே போய் ஓரமெல்லாம் தேய்ந்துவிடும். முதலில் ஒவ்வொரு ஃபாயில் கப்புக்கு அடியிலும் உருக்கிய சாக்லேட் ஒரு பொட்டு வைத்து, குழியின் தரையில் ஒட்டிவிடுகிறேன். அது இறுகினதும், சுற்றிலும் பேக்கிங் பேப்பரை மடித்து ஒரு பட்டையாகச் செருகுகிறேன். பிறகு மேல் பக்கம். பர்பிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு செ.மீ. காலி இருந்தது. பேக்கிங் பேப்பர் ஒரு தாள் போட்டு, அதன் மேல் கிச்சன் டவலை நாலாக மடித்து வைத்து மூடியை அழுத்தினால், கேக் மேலேயும் போக முடியாது, பக்கத்திலும் போக முடியாது. சுருள் ஐசிங்கில் இதைச் செய்யவே முடியாது. தட்டையான பர்பி கொடுத்த பெரிய வசதி இதுதான்.

இந்த நிலையில் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து ராத்திரி முழுக்க மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் நிமிர்த்தித் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அடுத்தது, வெளிப்பெட்டியில் வைத்துக் கட்டிய பிறகு இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழும்படி ஒவ்வொரு தடவை போடுகிறேன். ஆர்டர் கேக்கில் அல்ல, சோதனைக்கென்று சுட்ட மலிவான வெனிலா கேக்கில். அதற்குப் பிறகு என் தம்பியின் பக்கியின், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன லாரியின், பின்பக்கத்தில் கட்டாமல் வைத்து, ஸ்பீட் ஹம்ப் நிறைந்த எங்கள் தெருக்களில் ஒரு மணி நேரம் சுற்றச் சொன்னேன். இந்த மூன்றிலும் பிழைத்த பெட்டி கூரியரிலும் பிழைத்தது. காதுக்கு அருகே வைத்துக் குலுக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டால் மறுபடி திறந்து இடைவெளியைத் தேடுங்கள்.

வெளிப்பெட்டி இரட்டைச் சுவர் அட்டையாக இருக்கட்டும், ஒற்றைச் சுவர் மேலே வேறு பெட்டி ஏறினால் நசுங்குகிறது. உள் டப்பாவுக்கு எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு, கசக்கிய பழுப்புத்தாள் இறுக்கமாக. பாப்கார்ன் போட்டால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஒருவர் சொல்லிப் போட்டுப் பார்த்தேன், ஈரம் இழுத்து நமுத்து, அளவில் சுருங்கி, நடுவழியில் டப்பா ஆட ஆரம்பித்துவிட்டது. செய்தித்தாளின் மை கையில் ஒட்டுகிறது. பழுப்புத்தாளே போதும்.

விலையில் மாட்டிக்கொள்கிற இடம் இது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, நீளம் அகலம் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வருகிற எண்ணை எடையாக எடுத்துக்கொள்கிறார்கள், எது அதிகமோ அது. ஆறு கேக் டப்பா ஒன்றுக்கு வெளிப்பெட்டி 34, 26, 20. பெருக்கினால் 17,680, வகுத்தால் 3.5 கிலோ. உண்மையான எடை ஒன்றரைகூட இல்லை. இரண்டு டப்பாவை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உயரம் 30 ஆகி, 5.3 கிலோ. என் கூரியரில் 5 கிலோவைத் தாண்டினால் அடுத்த கட்டணம். சுருள் ஐசிங் காலத்தில் டப்பாவின் உயரம் 10 செ.மீ. வேண்டியிருந்தது. பர்பி வட்டத்துக்கு மாறியதும் 9 செ.மீ. டப்பா போதுமானதாக இருந்தது, இரண்டு அடுக்கில் 2 செ.மீ. மிச்சம், வெளிப்பெட்டி 28. இப்போது 34, 26, 28 என்றால் 4.95 கிலோ. கோட்டுக்கு உள்ளே! அதனால் ஆறு கேக் தனியாக இப்போது அனுப்புவதில்லை, குறைந்தது டஜன். டேப் அளவை வைத்து அளந்து பெட்டியை வெட்டுங்கள், பெட்டி உப்பிப்போய் ஒரு செ.மீ. கூடினாலும் டிப்போ ஸ்கேனர் பிடித்துவிடும்.

குளிரூட்டுவதில் நிறையப் பணம் போனது. ஜெல் ஐஸ் பேக்கை உள்ளே போட்டேன், அது வியர்த்து அட்டையை நனைத்து, அடி நெகிழ்ந்துவிட்டது. போதாததற்கு அரைக்கிலோ ஜெல் பேக் டேப்பிலிருந்து விடுபட்டு, பெட்டிக்குள் புரண்டு ஒரு வரிசை கேக்கை நசுக்கியது. உலர் பனிக்கட்டி போடலாமே என்று கேட்பார்கள். அது மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாக மாறுகிற பொருள், காற்றுப்புகாத பெட்டியில் போட்டால் அழுத்தம் ஏறி ஆபத்து, ஆகாய வழியில் அபாயப் பொருள் கணக்கில் வரும். வீட்டு வியாபாரத்துக்கு அது ஆகாது. பர்பி வந்த பிறகு ஐஸே தேவைப்படவில்லை. அதற்குப் பதில் வன்பொருள் கடையில் கிடைக்கிற, சூட்டைத் தடுக்கிற கூரைக் காப்புப் பலகையை, 20 மி.மீ. கனத்தில், வெளிப்பெட்டியின் ஆறு பக்கத்துக்கும் வெட்டிச் செருகி, அதற்குத் தகுந்த அளவு பழுப்புத்தாளைக் குறைத்தேன். அதே மாதிரி வெயில் நாளில் தெர்மாமீட்டர் உச்சம் 27 காட்டியது. ஆறு டிகிரி குறைவு, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல். கனாஷ் கேக்கைக் கோடையில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், ஜெல் பேக்கை ஜிப் பையில் போட்டு, துணி சுற்றி, பெட்டியின் மேல் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக டேப் போட்டுக் கட்டுங்கள். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும்.

ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. நான்கட்டாயைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் ஹீட் சீலர் வைத்து ஒட்டி, அதே பெட்டியில் கேக் டப்பாவுக்கு மேலே வைத்து அனுப்பினேன். அங்கே போய்ப் பார்த்தால் பை பலூன் மாதிரி உப்பி, கேக் டப்பாவின் மூடியை உள்ளே அமுக்கியிருந்தது. கடல் மட்டத்தில் அடைத்த காற்று 1,750 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு விரியும். ஜோபர்க்கில் கடைச் சிப்ஸ் பாக்கெட்டுகள் விறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என் பெட்டிக்குள்ளும் அது நடக்கும் என்று யோசிக்கவில்லை. இப்போது பையை ஒட்டுவதற்கு முன் காற்றை நன்றாக வெளியே அமுக்கிவிடுகிறேன், கேக் டப்பா மூடியின் மூலையில் ஊசியால் ஒரு துளை.

நாள் பார்ப்பது ரொம்ப முக்கியம். திங்கள், செவ்வாய், புதன் மட்டுமே அனுப்புகிறேன். வியாழன் அனுப்பி ஏதாவது ஒரு காரணத்தில் ஒரு நாள் தள்ளினால் சனி ஞாயிறு டிப்போவிலேயே கிடக்கும். செப்டம்பர் 24, டிசம்பர் 16 மாதிரி விடுமுறைகள் வாரத்தின் நடுவில் விழுந்தால் அந்த வாரத்தையே விட்டுவிடுவது மேல். பெரும்பாலும் கூரியர்காரர்கள் கெட்டுப்போகிற பொருளை அனுப்புகிறவர் பொறுப்பில்தான் எடுப்பார்கள், காப்பீடு கேட்டுப் பயனில்லை, இதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டு முகவரியைவிட வேலை இடத்து முகவரி நல்லது. காம்ப்ளெக்ஸ் வீடுகளில் கேட் காவலர் கூண்டில் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்வரை அங்கேயே வெயில் காயும்.

செலவுக் கணக்கு, ஒரு டஜனுக்கு, தோராயமாக. கேக்கும் பர்பியும் சேர்த்துப் பொருள் 190 ராண்டு, க்ளிம்தான் அதில் பெரும் பங்கு. ஃபாயில் கப் 18. இரண்டு டப்பா 22. வெளிப்பெட்டி 25. காப்புப் பலகை, பழுப்புத்தாள், டேப் எல்லாம் சேர்த்து 40. கூரியர் 140. மொத்தம் 435 ராண்டு, கேஸும் கைவேலையும் தவிர. ஒரு கேக் 36 ராண்டுக்கு வந்து நிற்கிறது. சாட்ஸ்வொர்த் சந்தையில் இந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். தூரத்திலிருக்கிற பிள்ளைக்கு அனுப்புகிற அம்மா வாங்குகிறாள், அதனால் லாபம் அதிகம் வைக்க எனக்கு மனசில்லை. காப்புப் பலகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருந்தால் 15 ராண்டு குறையும். அடுத்த தடவை யாராவது டர்பன் வரும்போது கொண்டுவரச் சொல்லி அக்காவிடம் சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மற்றப் பலகாரங்கள் சுருக்கமாக. நான்கட்டாய் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துச் சுற்றினால் உடையாது. முறுக்கை டின்னில்தான், பையில் தூளாகிவிடும். ரஸ்க் எப்படிப் போட்டாலும் போகும், கேப் டவுன் ரைலண்ட்ஸ்வரை இரண்டு மூன்று நாள் ரோட்டில் போனாலும் கவலையில்லை. குலாப் ஜாமூனைப் பாகோடு அனுப்பாதீர்கள், பாகைச் சின்னக் கன்சோல் கண்ணாடி பாட்டிலில் தனியாக. ஜிலேபி அனுப்பவே வேண்டாம், மொறுமொறுப்பு ஒரு நாளைக்கு மேல் நிற்காது.

அடுத்து மாற்றப்போவது மூன்று. பர்பி வட்டத்தை 1 செ.மீ.யிலிருந்து 7 மி.மீ.க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும், இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருப்பதாக அக்கா வீட்டு மாமா சொன்னார், க்ளிம் செலவும் குறையும். கிச்சன் டவலுக்குப் பதில் டப்பாவின் அளவுக்கு வெட்டிய மெல்லிய அட்டையை மடித்துச் சுருள்வில் மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும், திறந்தவுடன் பார்க்க இன்னும் நன்றாக இருக்கும். கேப் டவுனுக்குக் கப்கேக்கை 250 மி.லி. கண்ணாடி ஜாரில் கேக், ஜாம், கேக், பர்பித்தூள் என்று அடுக்கி அனுப்பும் சோதனைக்கு ஜார்கள் வாங்கி வைத்தாயிற்று. கண்ணாடி ஜார் கனமானது, அதனால் இந்தத் தடவை பெட்டியின் அளவோடு உண்மையான எடையையும் பார்க்க வேண்டும். முதலில் நாலு ஜாரில் ஆரம்பிக்கிறேன்.